செல்ஃப் கிளீன் முடிஞ்ச பிறகு ஓவன் கதவு திறக்குதில்லை, எஃப்9 கோட் வருது. உதவி தேவை

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். கனடாவில இருக்கிறன். மின்சார ரேஞ்ச், 240 வோல்ட், மேல கண்ணாடித் தட்டு, கீழ ஓவன், கொன்ட்ரோல் பலகை பின்பக்கம் எழும்பி நிக்கிற வகை. நேற்றிரவு செல்ஃப் கிளீன் (ஓவன் கடும் சூட்டில உள் அழுக்கைத் தானே கரியாக்கிறது) போட்டன், ஒழுங்கா ஓடி முடிஞ்சுது. காலமை ஓவன் நல்லா ஆறிப்போய்க் கிடக்கு, கதவு மட்டும் திறக்குதில்லை. திரையில எஃப்9, லாக் லைட் மினுங்குது, பீப் நிக்குதேயில்லை. பிரேக்கரைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டிப் போட்டுப் பாத்தன். மேல் பக்கத்தில உறுமிற சத்தம் கேட்டுது, அரை நிமிசத்தில திரும்ப அதே கோட். கொன்ட்ரோல் போர்ட் பழுதாப் போச்சு, மாத்துங்கோ எண்டு சொல்லினம். அதின்ர விலைக்குப் பயமாக் கிடக்கு. வாங்க முந்தி என்னத்தைச் சோதிக்கலாம்? கதவை எப்பிடித் திறக்கிறது?

சுவிட்ச்போர்ட்:
போர்டை இப்ப வாங்காதேங்கோ. பூட்டு எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரிஞ்சா அந்தக் கோட் என்ன சொல்லுது எண்டு விளங்கும்.

ஓவன் வாய்க்கு மேல, கண்ணாடித் தட்டுக்குக் கீழ ஒரு சின்ன மோட்டர் இருக்கு. போர்ட் அதுக்கு 120 வோல்ட் குடுக்கும். மோட்டர் ஒரு கேமை (மேடு வைச்ச சின்னச் சக்கரம்) சுத்தும், கேம் கொக்கியை இழுக்கும். கேமுக்குப் பக்கத்தில பெரும்பாலும் இரண்டு மைக்ரோ சுவிட்ச். ஒண்டு "பூட்டியாச்சு" எண்டும் மற்றது "திறந்தாச்சு" எண்டும் போர்டுக்குச் சொல்லும். போர்டுக்குக் கொக்கி நிக்கிற இடம் தெரியாது, சுவிட்ச் சொல்றதுதான் அதுக்குத் தெரியும். மோட்டரைச் சுத்தவிட்டும் குறிச்ச நேரத்துக்குள்ள சுவிட்சிட்ட இருந்து பதில் வரேல்லை எண்டால் இந்தக் கோட். சில கம்பெனியில இது எஃப்9, சிலதில எஃப்90, இன்னும் சிலதில எஃப்5 இ1. உங்கட மாடலுக்குரிய டெக் ஷீட் (திருத்தும் ஆக்களுக்கான வயர் விபரத் தாள்) கீழ் இழுப்பறைக்குப் பின்னாலயோ கொன்ட்ரோல் பலகைக்கு உள்ளயோ மடிச்சு வைச்சிருக்கும். முதல்ல அதைத் தேடி எடுங்கோ, வயர் நிறமெல்லாம் அதிலதான் இருக்கு.

இப்ப ஒரு வேலை செய்யுங்கோ. பிரேக்கரைப் போடேக்க கதவின்ர மேல் இடுக்கில டோர்ச் அடிச்சுக் கொக்கியைப் பாருங்கோ. உறுமுது, ஆனா கொக்கி அசையேல்லை எண்டால் கொக்கியோ அதை மோட்டரோட இணைக்கிற தண்டோ இறுகியிருக்கு, இல்லாட்டி மோட்டருக்குள்ள பல்லுச் சக்கரம் தேஞ்சிருக்கு. கொக்கி போய்ப்போய் வந்து கடைசியில கோட் வந்தால் சுவிட்ச். சத்தமே இல்லையெண்டால் மோட்டர் சுருள், வயர், பின்பக்க வெப்பக் கட்டவுட் (சூடு கூடினால் கரண்டை வெட்டிறது), கடைசியாத்தான் போர்ட்.

மல்லிகைப்பந்தல்:
பாத்தன் அண்ணை. கொக்கி இடப்பக்கம் போகுது, திரும்பி வருது, பிறகும் போகுது. ஒரு இடத்தில விலகி நிக்கிற மாதிரி இருக்கு, ஆனா நிக்காமல் திரும்பப் பூட்டிப் போடுது. பிறகு கோட்.

தீப்பொறி:
பழைய துணி ஹேங்கர் கம்பியை நீட்டி மேல் இடுக்குல விட்டு கொக்கியைத் தள்ளுங்க, திறந்துடும். அப்புறம் அந்த ரெண்டு சுவிட்ச் வயரையும் ஒண்ணா முறுக்கி விட்டா போர்டு ஏமாந்து அடங்கிடும், ஓவன் ஓடும்.

கதிரொளி:
கம்பி யோசனை சில மாடலுக்குச் சரி. இவங்க ஓவன்ல கொக்கி மோட்டரோட நேரடியாப் பிணைஞ்சிருக்கு. கம்பியால அழுத்தினா மோட்டருக்குள்ள இருக்கிற சின்னப் பற்கள்தான் உடையும்.

சுவிட்ச் வயரை முறுக்கிறதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீங்க. கிளீன் ஓடும்போது உள்ளே ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ். எண்ணெயும் சீஸும் கரியாகிக்கிட்டிருக்கிற அந்த நேரத்துல கதவு திறந்தா வெளிக்காத்து உள்ளே பாயும், புகை அப்படியே தீப்பிடிக்கும். "பூட்டியாச்சு" சுவிட்சைப் பொய் சொல்ல வெச்சா, பூட்டாத கதவோட கிளீன் தொடங்கிடும். அந்தப் பூட்டு வெச்சிருக்கிறதே இதுக்காகத்தான்.

சுவிட்ச்போர்ட்:
கதிரொளி சொன்னதுதான் சரி. மல்லிகை, உங்கட விசயத்தில மோட்டர், தண்டு, போர்டில மோட்டருக்குரிய ரிலே (கரண்டைப் போட்டு நிப்பாட்டிற சுவிட்ச்) எல்லாம் வேலை செய்யுது எண்டு கண்ணால பாத்தாச்சு. ஓவன் சூட்டை அளக்கிற சென்சரும் ஓவன் ஆறிட்டுது எண்டு சொல்லியிருக்கு, இல்லாட்டிப் போர்ட் திறக்கவே முயற்சிக்காது. மிஞ்சினது "திறந்தாச்சு" சுவிட்சும் அதின்ர வயரும்.

கதவைத் திறக்க ஒரு கருவியும் தேவையில்லை. ஒருத்தர் கதவடியில, ஒருத்தர் பிரேக்கரடியில. பிரேக்கரைப் போடுங்கோ, கொக்கி ஓடத் தொடங்கும். அது விலகி நிக்கிற நொடியில சத்தம் குடுங்கோ, மற்றவர் உடனே பிரேக்கரை நிப்பாட்ட வேணும். மோட்டர் மெல்லச் சுத்துறது, கரண்ட் போன இடத்திலயே நிண்டிடும். தவறினால் திரும்பச் செய்யலாம். ஸ்க்ரூ டிரைவரால நெம்பாதேங்கோ. கதவுக் கண்ணாடி வெடிக்கும், எனாமல் பேந்திடும்.

திறந்த பிறகுதான் மற்ற வேலை. கண்ணாடித் தட்டைப் பிடிச்சிருக்கிற முன் ஸ்க்ரூக்கள் கனக்க மாடலில கதவு மூடியிருந்தால் எட்டாது. கதவு பூட்டியபடி பின்பக்கத்தால போய் முழுப் பின்தகட்டையும் கழட்டிற ஆக்கள் வீணாக் கஷ்டப்படுறது இதாலதான்.

மல்லிகைப்பந்தல்:
இரண்டாம் தரத்தில திறந்திட்டுது! பெரிய நன்றி அண்ணை. பிரேக்கர் நிப்பாட்டினபடியே கிடக்கு. மல்டி மீட்டர் இருக்கு. அடுத்தது?

சுவிட்ச்போர்ட்:
ரேஞ்சை முன்னுக்கு இழுக்க வேணும், இரண்டு பேர் பிடியுங்கோ. பின்கால் ஒண்டு நிலத்திலயோ சுவரிலயோ அடிச்ச ஒரு கொளுக்கித் தகட்டுக்குள்ள இருக்கும், ரேஞ்ச் முன்னுக்குக் கவிழாமல் பிடிக்கிறது அது. திரும்பத் தள்ளேக்க கால் அதுக்குள்ள போனதோ எண்டு பாக்க மறக்காதேங்கோ. இழுத்த உடன பிளக்கையும் கழட்டுங்கோ.

முதல்ல போர்டடியில அளவுங்கோ. கொன்ட்ரோல் பலகையின்ர பின் தகட்டைக் கழட்டினால் போர்ட் தெரியும். டெக் ஷீட்டில பூட்டு மோட்டர், பூட்டு சுவிட்ச் எண்டு குறிச்சிருக்கிற கனெக்டரைக் கழட்டி, வயர் பக்கத்தில ஓம் பாருங்கோ. மோட்டர் 500 தொடக்கம் 3000 ஓமுக்குள்ள வந்தால் நல்லது. கொக்கி இப்ப திறந்த நிலையில இருக்கிறபடியால் "திறந்தாச்சு" சுவிட்ச் மூடியிருக்க வேணும், ஒரு ஓமுக்குக் கிட்ட. சில மாடலில சுவிட்ச் தலைகீழா வேலை செய்யும், அதால ஷீட்டைப் பாத்து முடிவெடுங்கோ.

அங்க பிழையா வந்தால் கண்ணாடித் தட்டின்ர முன் ஸ்க்ரூக்களைக் கழட்டி, மெல்லத் தூக்கி, தடி முட்டுக் குடுங்கோ. இப்ப சுவிட்சின்ர கால்களிலயே நேரா அளவுங்கோ, வயர் ஒண்டைக் கழட்டிப்போட்டு. சுவிட்சில சரி, போர்டடியில பிழை எண்டால் இடையில வயர் எரிஞ்சிருக்கு. இரண்டிலயும் பிழை எண்டால் சுவிட்ச். சென்சரையும் அந்தக் கையோட பாருங்கோ, அறைச் சூட்டில 1080 தொடக்கம் 1100 ஓம் வர வேணும். 2000 ஓம் காட்டினால் ஓவன் 275 டிகிரியில நிக்குது எண்டுதான் போர்ட் நினைக்கும்.

மல்லிகைப்பந்தல்:
மோட்டர் 2100 ஓம். சென்சர் 1092. "திறந்தாச்சு" சுவிட்ச் போர்டடியில 60, 140, பிறகு ஓஎல் (மீட்டர் அளக்கிற எல்லையைத் தாண்டிட்டுது) எண்டு ஓடுது. சுவிட்சின்ர காலிலயும் அப்பிடித்தான். பட்டனை விரலால அழுத்தினால் கிளிக் சத்தம் வருது, ஆனா அளவு நிக்குதில்லை. வயர் முனை ஒண்டு கறுத்திருக்கு.

கதிரொளி:
அப்போ சந்தேகமே வேண்டாம், சுவிட்ச்தான். உள்ளே தொடுமுனை சூட்டுல கருத்துப்போச்சு. கிளிக் சத்தம் ஸ்பிரிங்கோடது, தொடுமுனை நல்லா இருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்லை.

எலெக்ட்ரானிக்ஸ் கடைல அதே அளவுல மைக்ரோ சுவிட்ச் மலிவாக் கிடைக்கும். அதைப் போடாதீங்க. சாதாரண சுவிட்ச் 80, 85 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். இங்கே கண்ணாடித் தட்டுக்கு அடியில கிளீன் நேரத்துல அதைத் தாண்டிப் போகும், பிளாஸ்டிக் இளகிக் கொக்கி பூட்டின நிலையிலேயே மறுபடி மாட்டிக்கும். மாடல் எண்ணைக் கொடுத்து மோட்டர், கேம், சுவிட்ச் எல்லாம் சேர்ந்த பூட்டு அசெம்பிளியா வாங்குங்க. போர்டு விலையோட ஒப்பிட்டா கணிசமாக் குறைவு. மாடல் எண் கதவைத் திறந்தா விளிம்புல, இல்லேன்னா கீழ் இழுப்பறைச் சட்டத்துல ஒட்டியிருக்கும்.

கறுத்த வயர் முனையை அப்படியே புதுசுல சொருகினா அதுவும் சீக்கிரம் போயிடும். நல்ல கம்பி தெரியுறவரைக்கும் வெட்டி, அதிக வெப்பம் தாங்குற ஸ்பேட் முனை (தட்டையா சொருகுற முனை) போட்டு கிரிம்ப் பண்ணுங்க, அதாவது அழுத்தி இறுக்குங்க. கம்பி நீளம் போதலைன்னா ஃபைபர் கிளாஸ் உறை போட்ட, 200 டிகிரி தாங்குற வயரும் பீங்கான் வயர்நட்டும் (கம்பிகளை இணைக்கிற மூடி) வேணும். பிவிசி டேப் ஒட்டவே கூடாது, உருகி வழியும். கொக்கிக்கு எண்ணெய் ஸ்பிரேயும் அடிக்காதீங்க, அடுத்த கிளீன்ல புகையும். இறுக்கமா இருந்தா காய்ஞ்ச கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும்.

மல்லிகைப்பந்தல்:
பகுதி வர முந்தி சாதாரணமா பேக் பண்ணலாமோ? கிறிஸ்துமஸ் கேக் ஓடர் இருக்கு.

சுவிட்ச்போர்ட்:
உங்கட சுவிட்ச் இருக்கிற நிலையில போர்ட் பேக்கையும் விடாது, விட்டாலும் நடுவில கொக்கியை ஓட்டிக் கதவைப் பூட்டிப் போடலாம். கேக் உள்ள அகப்பட்டிடும். பொறுங்கோ.

புதுசு பூட்டினாப் பிறகு, ரேஞ்சைத் தள்ள முந்தி ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. கதவை மூடி, ஓவன் உள் லைட் அணையுதோ எண்டு கவனியுங்கோ. அணையேல்லை எண்டால் கதவு மூடினது போர்டுக்குத் தெரியாது, கதவுச் சட்டத்தில இருக்கிற, கதவு மூடேக்க அமருற பிளஞ்சர் சுவிட்சைப் பாக்க வேணும். பிறகு கிளீன் போடுங்கோ, கொக்கி ஓடிப் பூட்டி நிண்டவுடன கேன்சல் அமத்துங்கோ. ஓவன் குளிரா இருக்கிறபடியால் உடனே திறக்க வேணும். இரண்டு மூண்டு தரம் இப்பிடிப் பூட்டித் திறந்தால் சரி.

முழு கிளீனைக் கொண்டாட்டம் முடிஞ்ச பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ. இந்தச் சூட்டிலதான் சுவிட்சும் வெப்பக் கட்டவுட்டும் போறது, விருந்துக்கு முதல் நாள் போட்டு மாட்டுப்படுற ஆக்கள் கனபேர். வீட்டில கிளி, லவ்பேர்ட்ஸ் ஏதும் இருந்தால் கிளீன் ஓடேக்க வேற வீட்டில விடுங்கோ, அந்தப் புகை பறவையளுக்கு உயிராபத்து.

மல்லிகைப்பந்தல்:
அசெம்பிளி வந்து பூட்டியாச்சு. வயர் முனையும் மாத்தினன். மூண்டு தரம் பூட்டித் திறந்தது, கோட் இல்லை. பழையதைக் கழட்டிப் பாத்தன், சுவிட்சுக்குள்ள செப்புத் தகடு ஒரு பக்கம் கறுத்து வளைஞ்சு கிடக்கு. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ரேஞ்சைத் தள்ளேக்க பின்கால் கொளுக்கிக்குள்ள போய் இறுகினதையும் பாத்திட்டன்.