புதுப்பிப்பு: அப்டேட்டுக்குப் பின் பச்சைக் கோடு விழுந்த போன், திரை இலவசமாக மாற்றிக் கிடைத்தது

வாரண்டி முடிந்து ஐந்து மாதமான போன். இரவு அப்டேட் போட்டேன். காலையில் திரையில் மேலிருந்து கீழ்வரை பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டரில் 11,500 ரூபாய் கேட்கிறார்கள், யார் தலையில் விழும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃபேக்டரி ரீசெட் பலிக்கவில்லை. கம்பெனிக்குப் போட்ட மூன்று மெயிலுக்கும் அச்சு மாறாத ஒரே பதில். கைகொடுத்தது 1915தான். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பில், அப்டேட் தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஜாப் ஷீட் (போனை வாங்கும்போது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் சீட்டு) மூன்றையும் கொடுத்தேன். ஜாப் ஷீட்டில் ‘அடிபட்ட தடமோ தண்ணீர் பட்ட தடமோ இல்லை’ என்று எழுதி வாங்கச் சொன்னீர்களே, அதுதான் காப்பாற்றியது. ஒன்பதாம் நாள் கம்பெனியே கூப்பிட்டது, திரையை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று.

எதிர்பாராதது: கூலி என்று 600 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அப்புறம், இது ‘நல்லெண்ணச் சலுகை’யாம், அப்டேட்தான் காரணம் என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

1915 சமரசம்தான் பேசும், உத்தரவு போடாது. கம்பெனி மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கு அதுவரை போகவில்லை.