1830களின் ஆல்பம்: வெள்ளை இதழ் கறுத்தது ஏன்?

கேள்வி: இங்கிலாந்துப் பெண்ணொருவரின் நினைவு ஆல்பம். வாட்டர்கலர் ரோஜாவின் வெள்ளை இதழ்கள் கறுத்துவிட்டன. எதிர்ப்பக்கக் கவிதையில் பழுப்பு மை தாளையே அரிக்கிறது. ஈரப்பஞ்சால் துடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! கறுத்தது ஈய வெள்ளை, அதாவது ஈயச் சேர்மத்தாலான வெள்ளை நிறமி. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டு ஈய சல்பைடாகியிருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுக்க வைக்கலாம், ஆனால் அது பழைய தாள், ஓவியங்களைப் பேணும் வல்லுநர் வேலை. கவிதை மாசிக்காய்-இரும்பு மையில் (மாசிக்காய்ச் சாறும் இரும்பு உப்பும் கலந்த பழங்கால மை) எழுதியது. ஈரம் பட்டால் அமிலமும் இரும்பும் சுற்றியுள்ள நல்ல தாளுக்கும் பரவும். பேனா அழுந்திய தடித்த கோடுகள்தான் முதலில் உடையும், பக்கத்தை மடங்கவிடாமல் திருப்புங்கள். உடைந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவது ஆகாது.

பதில்: பக்கங்களுக்கிடையே அமிலமற்ற மெல்லிய தாள், ஈரப்பதம் 50% அருகே, காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் ஒளியளவின் அலகு). சிவப்பு நிறம் கார்மைன் (பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம்) என்றால் சீக்கிரம் வெளிறும்.

பதில்: தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறியில் (தாள் தயாரிக்கும்போதே பதியும் அடையாளம்) தாள் செய்த ஆண்டு தெரியலாம். ஓவியம் அதற்கு முந்தையதாக இருக்காது.