மறு: அயல்நாட்டுக் கறிக்கு அரசு போட்ட தடை – சொல் தேவை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நோயைக் காரணமாகச் சொல்லி ஒரு நாட்டுக் கறியை இன்னொரு நாட்டு அரசு தடுப்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்ட இந்த இழையை, மூன்று நாளாக வேலைக்கு நடுவே ஒளித்து ஒளித்துப் படிக்கிறேன். ஐயா முன்வைத்த ‘புலால் தடை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைப் புளியந்தோப்பில் அதைச் சொன்னால் திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி என்று ஆடு அறுக்கும் கூடமான ஆட்டுத்தொட்டிக்குப் பூட்டுப் போடுவார்களே, அதுதான் ஞாபகம் வரும். படித்தவர்களுக்கோ ‘புலால் மறுத்தல்’ அதிகாரம். இரண்டுமே கறியே வேண்டாம் என்கிற சங்கதி. நமக்கு வேண்டியது வேறு: கறி வேண்டும், உன் நாட்டுக் கறி மட்டும் வேண்டாம் என்று ஒரு அரசு சொல்வது.

அக்காவின் ‘சுகாதாரத் தடை’ சுகாதாரத்தையே தடுப்பது போல ஒலிக்கிறது. தவிர, எங்கள் பக்கம் சுகாதாரம் என்றால் கொசுமருந்து வண்டி.

பலரும் கைதூக்கியது ‘நோய்க்காப்புத் தடை’க்கு. எனக்கு அதில்தான் பெரிய தயக்கம். இந்த இழையைத் தொடங்கிய தம்பி மொழிபெயர்க்கும் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி 1880இல் அமெரிக்கப் பன்றித் தொத்திறைச்சியைத் தடுத்தது, 1883இல் எல்லா அமெரிக்கப் பன்றிக்கறியையும். சொன்ன காரணம் டிரைக்கினா புழு, பன்றிக்கறி வழியாக மனிதருக்கு நோய் கொடுப்பது. பொய்க் காரணம் என்று தள்ளிவிட முடியாது. அங்கே பன்றிக்கறியைப் பச்சையாகவே சாப்பிடும் பழக்கம் உண்டு. 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்ற ஊரில் முந்நூறு பேருக்கு மேல் படுத்து, நூறு பேர் வரை செத்தார்கள். அந்தப் புழு கண்ணுக்குத் தெரியாது. தசையில் மெல்லிய துணுக்கு ஒன்றை நறுக்கி, இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே வைத்து நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் சுருண்டு கிடக்கும்.

அதே நேரம், அமெரிக்கக் கறி மலிவாக வந்து இறங்கியதில் ஜெர்மன் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போயிருந்ததும் உண்மை. அப்போ தடை புழுவுக்காகவா, பண்ணைக்காரருக்காகவா? இரண்டுக்கும்தான். அமெரிக்கா 1890, 1891இல் ஆய்வுச் சட்டங்கள் கொண்டுவந்து, சிகாகோவில் பெண்களை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்துக் கறியைப் பார்த்து முத்திரை குத்தத் தொடங்கியது. 1891இலேயே ஜெர்மனி தடையை எடுத்தது. நம்மூர்க் கறிக்கடையில் தொடைக்கறி மேல் ஊதா சீல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

‘நோய்க்காப்பு’ என்றால் அரசு சொன்னதை அப்படியே நம்பிவிட்டோம் என்றாகும். இன்னொரு தம்பி எழுதிய ‘நோய்ச்சாட்டுத் தடை’ கிண்டலாக நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஏற்றுமதிக்காரன் பக்கம் சாய்கிறது. கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நம் நாட்டுக் கதையும் இதேதான். பறவைக்காய்ச்சலைச் சொல்லி 2007இல் அமெரிக்கக் கோழிக்கறியை நிறுத்தினோம். கையில் இருந்தது 1898ஆம் ஆண்டுக் கால்நடை இறக்குமதிச் சட்டம். 2012இல் வழக்கு உலக வணிக அமைப்புக்குப் போனது. உள்ளூரில் காய்ச்சல் வந்தால் பத்து கிலோமீட்டர் சுற்றுக்குள் கட்டுப்பாடு, வெளியூரில் வந்தால் அந்த நாடு முழுக்கத் தடையா என்ற கேள்விக்கு நம்மிடம் சரியான பதில் இல்லை. 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்றோம். ஆனால் நோய் கற்பனை அல்லவே.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும்போது, ஷட்டரில் பாதி கிழிந்த பழைய நோட்டீஸ்: ‘...நினைவு நாளை முன்னிட்டு இறைச்சிக் கடைகள் மூடப்படும்’. அந்த ‘முன்னிட்டு’தான் நமக்கு வேண்டியது. காரணம் இதுதான் என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. உண்மையா இல்லையா என்பதை அந்தச் சொல் தலையில் தூக்கிக்கொள்ளவில்லை.

என் முன்மொழிவு: நோய்முன்னிட்ட தடை.

– இராயபுரத்திலிருந்து

* * *

தம்பி, வணக்கம்.

புலால் தடையைத் திரும்பப் பெறுகிறேன், வள்ளுவரை வம்புக்கு இழுத்தது போதும். ‘முன்னிட்ட’ நீளம். ‘நோய்முன் தடை’ என்று சுருக்கலாமா? ‘நோய்க்காரணத் தடை’ என்றும் யோசித்தேன்.

இன்னொன்று. பிரிட்டன் வெளிநாட்டு மாட்டை உயிரோடு இறக்கவிட்டு, துறைமுகத்திலேயே பத்து நாளுக்குள் கொன்றுவிட வேண்டும், உள்நாட்டுக்குள் ஓட்டிப்போகக் கூடாது என்றதே. அதற்கு என்ன சொல்?

* * *

ஐயா,

‘நோய்முன்’ என்றால் நோய் வருவதற்கு முன்பே போட்ட தடை என்று படிப்பார்கள். ‘நோய்க்காரணி’ பாடநூலில் கிருமிக்கு உட்கார்ந்துவிட்டது, அதன் பக்கத்தில் ‘நோய்க்காரண’ வேண்டாம். நீளம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரிட்டன் விஷயம் முழுத் தடையே அல்ல, அதனால் தனிச்சொல் வேண்டியதுதான். இலண்டன் டெப்ட்ஃபோர்டில் இதற்கென்றே 1871இல் சந்தை திறந்தார்கள். கனடா மாட்டுக்கு 1892இல் இந்த விதி வந்தது, நுரையீரல் நோய் என்று. எங்கள் மாட்டுக்கு அந்த நோயே இல்லை என்று கனடாக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள். 1922இல்தான் பிரிட்டன் சட்டத்தை மாற்றியது. இங்கேயும் ‘முன்னிட்ட’ தான் பொருந்துகிறது பாருங்கள்.

சொல்லுக்கு முதலில் ‘துறைவெட்டு’ என்று எழுதி, கறிக்கடை பாயிடம் கேட்டேன். அவர் கத்தியை நிறுத்தாமலே, “வெட்டுறது கடையில, அறுக்கிறது தொட்டியில” என்றார்.

ஆகவே, துறையறுப்பு.