யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதமா, 46.67-ஆ? பையனுக்குத் தப்பாகச் சொன்னது யார்?

திருவையாறு டியூஷன் அக்கா:
எங்கள் ஊர்க் குழுவில் நேற்று ஒருவர், "டியூஷன் எடுக்கிறவர்களுக்கே யூரியா தெரியவில்லை, சாக்கில் 46 என்று கொட்டை எழுத்தில் இருக்க, 46.67 என்று எழுத வைக்கிறார்கள்" என்று போட்டிருந்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவில் டியூஷன் எடுப்பது நான் ஒருத்திதான்.
பையன் பத்தாம் வகுப்பு. மறுநாள் சதவீத இயைபில், அதாவது ஒரு பொருளில் எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்ற கணக்கில், பரீட்சை. ராத்திரி எட்டரைக்கு நோட்டோடு ஓடி வந்தான். திண்ணையில் உட்கார வைத்து அவனையே கூட்டச் சொன்னேன். கார்பன் 12, ஆக்சிஜன் 16, இரண்டு நைட்ரஜன் 28, நான்கு ஹைட்ரஜன் 4. மொத்தம் 60. 28-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 46.67. இதில் எங்கே தப்பு?

உரக்கடை அண்ணன்:
நான்தான் எழுதினேன், ஒளியவில்லை. இருபது வருஷமாக யூரியா விற்கிறேன். சாக்கில் 46. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையிலும் 46. அரசாங்கத்துக்குத் தெரியாத 0.67 உங்கள் திண்ணையில் முளைத்ததா?

டியூஷன் அக்கா:
முளைக்கவில்லை, வகுத்தால் வருகிறது. அந்தப் பையன் உட்கார்ந்திருந்ததே யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்த படுதாவில்தான். எழுத்தின் மேல் விரலை வைத்து, "அக்கா, இதில் 46 என்று இருக்கே" என்று அவனே கேட்டான். "சாக்கைப் பார்த்து எழுதாதே, கணக்கைப் போடு" என்றேன். இப்போதும் அதையே சொல்வேன்.

வலங்கைமான் தம்பி:
டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரச் சாக்கிலும்தான் 46 என்று இருக்கிறது. அப்போ அதிலும் நைட்ரஜன் 46-ஆ அண்ணே?

உரக்கடை அண்ணன்:
அதில் நைட்ரஜன் 18. அந்த 46 மணிச்சத்து. இது தெரியாமலா கடை வைத்திருக்கிறேன்? நீ உன் வயலைப் பார்.

டியூஷன் அக்கா:
மணிச்சத்து என்றால் வெறும் பாஸ்பரஸ் இல்லை. பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டது. உள்ளே இருக்கும் பாஸ்பரஸ் சுமார் 20 சதவீதம்தான். சாக்கு எண்ணை அப்படியே விடைத்தாளில் எழுதினால் மார்க் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

குடந்தை வாத்தியார்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். சாக்கில் இருப்பது குறைந்தபட்ச உத்தரவாதம். விற்கிற யூரியாவில் ஈரம் ஒரு சதவீதம் வரையும், தயாரிக்கும்போதே உண்டாகும் பையூரெட் என்ற கலப்புப் பொருள் ஒன்றரை சதவீதம் வரையும் இருக்கலாம். கணக்கில் வருவது சுத்தமான யூரியா. அது கிடக்கட்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதே தவறான பழக்கம். எங்கள் காலத்தில் இப்படி இல்லை.

டியூஷன் அக்கா:
ஐயா, உங்கள் காலத்தை விடுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த வாரம் அது. அவன் அப்பா ராத்திரி வாய்க்கால் மடையில் நிற்கிறார், அம்மா நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடுகிறார். பிள்ளை வேறு எந்த நேரத்தில் வருவான்? வாசலில் வந்து நிற்பவனை முந்தின வாரமே வந்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பவா? ஒரு பைசா வாங்காமல் பத்தரை வரை உட்கார்ந்திருந்தேன்.

உரக்கடை அண்ணன்:
காசு வாங்காமல் சொன்னால் தப்பு சரியாகிவிடுமா? 46 என்றால் 46.

மன்னார்குடி மூணு மா:
அண்ணே, மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வேலிக்கு 6 ஏக்கர் 67 சென்ட் வருகிறது. பாகம் பிரிக்கும்போது அந்த 67 சென்ட் வேண்டாம், ஆறு போதும் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா? நிலத்தில் 0.67 இனிக்கிறது, நைட்ரஜனில் கசக்கிறதா?

உரக்கடை அண்ணன்:
பாகப்பிரிவினையை ஏன் இழுக்கிறாய்? உன் பங்காளி சண்டையை உன் வீட்டோடு வைத்துக்கொள்.

மூணு மா:
இழுப்பேன். போன குறுவைக்கு யூரியா கேட்டு வந்தபோது நுண்ணூட்டப் பையும் எடுத்தால்தான் மூட்டை என்றீர்கள். சட்டம் பேசுகிறவர் அன்றைக்கும் பேசியிருக்கலாம்.

உரக்கடை அண்ணன்:
வாங்கியது நீதான், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: சாக்கில் 46.67 என்று காட்டுங்கள், கடையை மூடுகிறேன்.

டியூஷன் அக்கா:
45 கிலோ மூட்டைக்கு உங்கள் கணக்கில் 20.7 கிலோ, என் கணக்கில் 21 கிலோ. 300 கிராம் வித்தியாசம். விடைத்தாளில் அது ஒரு மார்க்.

உரக்கடை அண்ணன்:
அந்த 300 கிராமை வயலில் போட்டுக் காட்டுங்கள்.

வலங்கைமான் தம்பி:
மூட்டை முன்பு 50 கிலோவாக இருந்ததே, அதை ஏன் 45 ஆக்கினார்கள்?

குடந்தை வாத்தியார்:
2018-இல் மாற்றினார்கள். இருக்கட்டும், நான் சொன்ன குறைந்தபட்ச உத்தரவாதத்தை யாராவது படித்தீர்களா?

மூணு மா:
அண்ணே, நாளைக்குக் கடை உண்டா? மேலுரத்துக்கு இரண்டு மூட்டை வேண்டும். நுண்ணூட்டம் வேண்டாம், இப்போதே சொல்லிவிட்டேன்.

உரக்கடை அண்ணன்:
பழைய பாக்கியையும் எடுத்துக்கொண்டு வா.

டியூஷன் அக்கா:
மூட்டை வியாபாரத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் குழுவில் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. 28-ஐ 60-ஆல் வகுத்தால் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள் முதலில்.