மறைமாறியா, கரந்துறை மாறியா?

கீழக்கரை ஐயாவுக்கு வணக்கம்.

குவாண்டம் இயற்பியலின் 'hidden variable' என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த 'மறைமாறி' சுருக்கமான சொல், நாவிலும் எளிதாக வருகிறது. ஆனாலும் ஏற்க மனம் வரவில்லை. கடலைத் தாண்டினால் இலங்கைப் பாடநூல்களில் 'மறை எண்' என்பது சுழிக்குக் கீழான எண். தலைமன்னார் மாணவர் இதை எதிர்க்குறி கொண்ட மாறி என்றே படிப்பார். நாம் ஆக்கும் சொல் தனுஷ்கோடியோடு நின்றுவிடக் கூடாது.

பொருளைப் பார்ப்போம். பாம்பனில் வாடைக்காற்று எழுந்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் வீசும் மாதங்களில் நேர்மாறு. ஒரு கடல் மற்றதற்குச் சேதி சொல்வதில்லை. இரண்டுக்கும் பொதுக்காரணம் காற்று. தொலைவிலுள்ள இரு துகள்களின் அளவீடுகள் ஒத்துப்போகும்போதும், நம் கணக்கில் சேராத அப்படியொரு காற்று இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றும். அந்தக் காற்றுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். குவாண்டம் விவரிப்பு முழுமையற்றது என்று 1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் வாதிட்டது இந்தத் தேடலுக்கு வழிவிட்டது.

1964இல் ஜான் பெல் இதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியாக்கினார். 1969இல் வந்த அதன் இன்னொரு வடிவத்தில், பக்கத்துக்கு இரண்டு அளவீடுகள். இரு பக்க முடிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுகளைக் கூட்டிக் கழித்து ஓர் எண்ணைப் பெறுகிறோம். எதை அளப்பது என்ற தேர்வு பொதுக்காரணத்தைச் சாராதிருந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தைத் தாக்காமலும் இருந்தால், அந்த எண் 2ஐத் தாண்டாது. குவாண்டம் கோட்பாடு ஏறத்தாழ 2.83 வரை இடம் தருகிறது. 2015இல் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் அளந்தபோது கிடைத்தது 2.42.

இதை வைத்து 'மறைமாறிக் கொள்கையே பொய்த்துவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். 1952இல் டேவிட் போம் அமைத்த கோட்பாட்டில் அத்தகைய மாறிகள் உண்டு. குவாண்டம் கணிப்புகளையும் அது பிசகாமல் தருகிறது. தொலைவைக் கடந்த தாக்கத்தை ஒப்புக்கொள்வதுதான் அதற்கு அது கொடுக்கும் விலை. வீழ்ந்தது இடஞ்சார்ந்த (local) வகை, அதாவது ஒரு பக்கம் மறுபக்கத்தைத் தாக்காது என்று கொள்ளும் வகை. ஆகவே 'இடஞ்சார்' என்ற அடையைத் தவறவிடவே கூடாது.

என் பரிந்துரை 'கரந்துறை மாறி'. கரந்துறைப் பாட்டில் ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துகள் மெய்யாகவே இருக்கும். கண்ணுக்கு உடனே படாது. இந்தக் கொள்கையினரும் மதிப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். மண்டபம் அம்மா சொன்ன 'காணாமாறி' அழகாக இருந்தாலும், காணாமல் போனது என்று மயங்க இடமுண்டு.

'இடஞ்சார் கரந்துறை மாறி' நீளம்தான். 'இடஞ்சார்' என்பதற்குக் குறுகிய சொல் தோன்றினால் எழுதுங்கள். கரந்துறையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.