ஜோக்பல் சூடா சாப்பிடணுமா, ஆற வச்சா? சியோல்ல இருக்கிறவங்க வாங்க

மழைக்காகம்:
போன சனிக்கிழமை லேப்ல கூட வேலை பாக்குற கொரியன் ஃப்ரெண்ட் ஒருத்தியோட சிட்டி ஹால் பக்கம் மன்ஜொக் ஓஹ்யாங் ஜோக்பல் கடைக்கு போனேன், நாப்பது நிமிஷம் க்யூ. தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஜோக்பல்னா பன்னிக்காலை சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் போட்டு மணிக்கணக்கா வேக வச்சு எலும்பை எடுத்துட்டு சீவி குடுக்கிறது. இங்க அஞ்சு மசாலா வாசனையோட சூடான தட்டுல வச்சு தர்றாங்க, கடைசி துண்டு வரைக்கும் ஆறவே இல்ல, தோலு உதட்டுல ஒட்டுது, நம்ம ஆட்டுக்கால் பாயா குடிச்சா ஒட்டுமே அதே மாதிரி. கூட பூண்டு சாஸ்ல முட்டைக்கோஸ். அதுக்கு முந்தின மாசம் ஜாங்சுங்-தோங் ஜோக்பல் தெருவுல ஒரு கடைக்கு (பேர் வேணாம்) போனோம், ஆறிப்போன கறி, தோலு ரப்பர் மாதிரி. அந்த தெரு பழைய பேருக்காகத்தான் ஓடுதுன்னு நான் நினைக்கிறேன். ஜோக்பல்னா சூடாத்தான் இருக்கணும்.

தெற்குவாசல்:
பழைய பேருக்காக ஓடுதுன்னு மட்டும் சொல்லாதீங்க, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆற வைக்கிறது சோம்பேறித்தனத்துல இல்லங்க, செய்முறையே அதுதான். தோல்ல இருக்கிற கொலாஜன் வேகும்போது ஜெலட்டினா மாறும், ஆறும்போது இறுகும், அப்பதான் கத்தி மெல்லிசா இறங்கும், பல்லுல அந்த இழுவை கிடைக்கும், அதுக்குன்னே கொரியாக்காரங்க ஜொல்கித்ஜொல்கித்னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. சூடா இருக்கும்போது அது வெறும் கொழகொழ.
அந்த தெருவ ஆரம்பிச்சதே கொரியப் போர்ல வடக்குல இருந்து, முக்கியமா பியோங்கான் பக்கத்துல இருந்து ஓடி வந்தவங்கதான். கையில காசில்லாம வந்தவங்க மலிவா கிடைச்ச காலை வாங்கி வேக வச்சு வித்தாங்க. 1963ல பக்கத்துலயே ஜாங்சுங் ஸ்டேடியம் திறந்ததும் குத்துச்சண்டை, மல்யுத்தம் பாத்துட்டு வர்ற கூட்டம் நேரா இந்த கடைகளுக்குத்தான் வந்துச்சு. 1966ல கிம் கி-சூ குத்துச்சண்டையில கொரியாவோட முதல் உலக சாம்பியன் ஆனதும் அதே ஸ்டேடியத்துலதான். எனக்கு அந்த தெருன்னா இவ்வளவும் சேந்ததுதான்.

பசித்தவன்77:
வரலாறு சரி நண்பா, ஆனா அங்க போனா ஒவ்வொரு போர்டுலயும் வொன்ஜோ, வொன்ஜோன்னு போட்டிருக்கான், அதாவது நாங்கதான் ஒரிஜினல்னு. புதுசா போறவன் எதுக்குள்ள நுழைவான்?

மழைக்காகம்:
அதேதான் எனக்கும். இன்னொன்னு, தெற்குவாசல் அண்ணா, ஜனவரில மைனஸ் பத்து டிகிரில நடுங்கிட்டு உள்ள போறவங்களுக்கு ஆறின கறியா? 40,000 வோனுக்கு மேல குடுக்குறோம், சின்ன தட்டே ரெண்டு பேருக்குத்தான், தனியா போயி கொஞ்சமா வாங்கி ருசி பாக்கவும் வழியில்ல.

தெற்குவாசல்:
ஒன்னு கேக்குறேன் தங்கச்சி, ஆப்பல்னு சொல்லி வாங்கினீங்களா? ஆப்பல்னா முன்னங்கால், ஜவ்வும் தோலும் நல்லா இருக்கும், விலையும் கொஞ்சம் கூட. பின்னங்கால் ஆறினா கொஞ்சம் வறண்டுதான் போகும். நீங்க ரப்பர்னு சொல்றது எனக்கு பின்னங்கால் மாதிரிதான் தெரியுது.

கடலைமிட்டாய்:
ஜோக்னாலும் கால்தான், பல்னாலும் கால்தான், ஒன்னு சீனத்துல இருந்து வந்தது இன்னொன்னு கொரிய மொழி, நாம நடு சென்டர்னு சொல்ற மாதிரி 😄 எனக்கு பயமே அந்த பழைய சாறுதான். பல வருஷமா அதே சாறுல வேக வைக்கிறோம்னு பெருமையா சொல்றாங்களே, அது சுத்தமா இருக்குமா? அப்புறம் இத சாப்பிட்டா நம்ம தோலு பளபளன்னு ஆகும்னு எல்லா பொண்ணுங்களும் சொல்றாங்க, உண்மையா?

தெற்குவாசல்:
சாறை தினமும் கொதிக்க வச்சு, கொழுப்ப எடுத்து, புதுசா தண்ணியும் சாமானும் சேத்துக்கிட்டே இருப்பாங்க, பழசுன்னு நிக்கிறது ருசி மட்டும்தான். பளபளப்புக்கு நான் கேரண்டி தர மாட்டேன், கொலாஜன் வயித்துக்குள்ள போனா அமினோ அமிலமா உடைஞ்சிரும், நேரா முகத்துக்கு போகாது. ருசிக்காக சாப்பிடுங்க.

மழைக்காகம்:
ஃப்ரெண்டுகிட்ட இப்பதான் கேட்டேன், அன்னைக்கு நாங்க எந்த காலுன்னு சொல்லவே இல்லையாம், விலைய பாத்து கம்மியா இருந்தத வாங்கிட்டோம். அப்போ அந்த தெருவ பத்தி நான் சொன்னது அவசரம்தான், அத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா சூடு விஷயத்துல மாற மாட்டேன் அண்ணா. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் திரும்ப ஜாங்சுங்-தோங் போறோம், ஆப்பல் வாங்கி வந்த உடனே பாதி, மீதி பாதிய அரை மணி நேரம் விட்டு சாப்பிட்டு பாக்குறோம்.

தெற்குவாசல்:
அப்படியே பண்ணுங்க. மூணாம் லைன்ல தொங்குக் யூனிவர்சிட்டி ஸ்டேஷன்ல இறங்கணும். சம்ஜாங்ல (சோயா, மிளகாய் விழுது) மட்டும் தொட்டுக்காதீங்க, அதுக்கு பதிலா சேவுஜோத்னு நம்ம சென்னாக்கூனி சைஸ் இறால உப்புல ஊற வச்சிருப்பாங்க, ஒரு துண்டுக்கு ரெண்டு இறால் போதும், கென்னிப் (பெரில்லா) இலையில பூண்டோட சுருட்டி முழுசா ஒரே வாய்ல போடணும், பாதி கடிச்சா எல்லாம் கொட்டிரும். ஆறின பாதிக்கு மாக்குக்சு நூடுல்ஸ் சொல்லிக்கோங்க, அது ஜில்லுனு காரமா இருக்கும். எந்த பாதி முதல்ல காலியாச்சுன்னு மறைக்காம வந்து சொல்லணும்.