புது லேப்டாப்புக்கு மாறியதில் அப்பாவின் குரல் தொலையப் பார்த்தது

புது லேப்டாப் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வாங்கியதில் சொல்ல ஒன்றுமில்லை, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, என் வேலைக்குத் தாராளம். பழையதிலிருந்து ஃபைல்களை எடுத்ததுதான் பெரும்பாடு. அதில் எட்டு வருடமாக ஓடிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கழுத்து வரை நிரம்பியிருந்தது. அதனால் 2 டிபி எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றும் சேர்த்து வாங்கினேன். (செருகியதும் 1.81 டிபி என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.)

ஆரம்பத்தில் வேகம் விநாடிக்கு 30 எம்பியைத் தாண்டவே இல்லை. அப்புறம் பார்த்தால் கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 துளையில் செருகியிருக்கிறேன். பக்கத்தில் உள்ளே நீலமாக இருந்த 3.0 துளைக்கு மாற்றியதும் 90 வரை போனது. சரி, இரவுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

பாதியில் நின்றது. வேகம் பூஜ்யம். லேப்டாப்பிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் அமைதி, மறுபடி டிக். எந்த ஃபோல்டர் என்று பார்த்தேன், 'அப்பா குரல்'. அப்பா இருந்த கடைசி இரண்டு வருடத்தில், அவர் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல நான் போனில் பதிவு செய்தவை, மொத்தம் 43 ஃபைல். வேறு பிரதி கிடையாது. கை நடுங்கிவிட்டது.

நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் மஞ்சளில் எச்சரிக்கை, படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சின்னத் துண்டுகள்) வரிசையில் நிற்கின்றன. இதை முதல் வேலையாகப் பார்த்திருக்க வேண்டும். சாகப் போகிற டிஸ்க்கில் ஒவ்வொரு முறை படிப்பதும் அதன் மிச்ச ஆயுளைச் செலவழிப்பதுதான், நானோ திரும்ப டவுன்லோட் செய்யக்கூடிய வீடியோக்களுக்காக முதல் மூன்று மணி நேரத்தைச் செலவழித்திருக்கிறேன்.

அடுத்து இன்னொரு தப்பு செய்தேன். ஃபைல்களை நகலெடுக்க விண்டோஸில் கூடவே வரும் ரோபோகாப்பி கட்டளையை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அதே ஃபைலில் நிற்கிறது. நாமாக எதுவும் சொல்லாவிட்டால் அது ஒரு ஃபைலை 10 லட்சம் முறை வரை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் 30 விநாடி காத்திருக்கும். நலிந்த டிஸ்க்கை இரவு முழுக்க அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆர்:1, டபிள்யூ:1 (ஒரே ஒரு முறை மறுபடி முயல், ஒரு விநாடி மட்டும் காத்திரு) என்று கொடுத்து மறுபடி ஓட்டினேன், முடியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது.

புது டிரைவில் 43 பெயர்களும் இருந்தன, அளவும் சரியாகத் தெரிந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். மனசு கேட்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன், மூன்று திறக்கவே இல்லை. பெயரையும் அளவையும் மட்டும் நம்பியிருந்தால் பழைய டிஸ்க்கைத் துடைத்து யாருக்காவது கொடுத்திருப்பேன். மூன்றில் இரண்டு தங்கையின் போனில் கிடைத்தன, எப்போதோ நான் அனுப்பியவை. மீதி ஒன்று, அப்பா நீச்சல் கற்றுக்கொண்ட கதை, வரவில்லை. இப்போது மற்ற 42ம் மூன்று இடத்தில் இருக்கின்றன, அதில் ஒன்று தங்கை வீட்டில்.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் அனுபவத்தையும் சொல்கிறேன், வேறு மாதிரியான பயம் அது.

நான் லேப்டாப்பை மாற்றவில்லை, உள்ளே இருந்த 512 ஜிபி எஸ்எஸ்டியை 2 டிபிக்கு மாற்றினேன். பழையதை அப்படியே புதியதில் நகலெடுத்து (குளோன் செய்து), ஸ்க்ரூ முடுக்கி ஆன் செய்தால் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் என்க்ரிப்ஷனை நான் ஆன் செய்ததே இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தபோது தானாகவே ஆன் ஆகியிருக்கிறது, கீயும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. போனில் திறந்து பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். கழற்றும் முன்னாலேயே கீயை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

உள்ளே போனால் சி டிரைவ் பழையபடி 476 ஜிபிதான். மீதி இடம் சும்மா கிடக்கிறது, நடுவில் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுது பார்க்க ஒதுக்கிய பகுதி) உட்கார்ந்திருப்பதால் விரிவாக்கவும் முடியவில்லை. பார்ட்டிஷன் மென்பொருள் ஒன்றால் அதைக் கடைசிக்குத் தள்ளிய பிறகுதான் முழு இடமும் வந்தது.

அக்கா, அந்த ஒரு ஃபைலுக்காகப் பழைய லேப்டாப்பை இனி ஆன் செய்து பார்க்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, லினக்ஸ் தெரிந்த யாரிடமாவது டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். அது படிக்க முடிந்த இடங்களை முதலில் வேறு டிரைவுக்கு எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். உங்கள் அப்பா சொன்னதில் பாதியாவது கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அதுவரை டிஸ்க்கை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.